டிட், டா, பரீட்சை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழில் ஹாம் ரேடியோ, அதாவது லைசென்ஸ் வாங்கிப் பொழுதுபோக்காக வானலையில் பேசுவது பற்றி நாலு பத்தி எழுதினேன். அதில் போகிற போக்கில் ஒரு வரி: 'பல நாடுகளில் மோர்ஸ் பரீட்சையை எடுத்துவிட்டார்கள், எனக்கு அதில் வருத்தமில்லை.' மோர்ஸ் என்பது எழுத்துகளை 'டிட்' என்ற குட்டை ஒலியாகவும் 'டா' என்ற நீட்டல் ஒலியாகவும் தட்டி அனுப்பும் முறை. வந்த கடிதங்களில் முக்கால்வாசி அந்த ஒரு வரிக்குத்தான். பாராட்டு இரண்டு, திட்டு மிச்சமெல்லாம். ஆகவே இந்த இதழ் முழுக்க அதே பஞ்சாயத்து.

கேள்வி: சார், இன்ஜினீயரிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஹாம் லைசென்ஸ் எடுக்க ஆசை. வெளிநாட்டில் தூக்கிப் போட்ட மோர்ஸை நாம் ஏன் படிக்க வேண்டும்? முதலில் எதற்காக இதைப் பரீட்சையில் வைத்தார்கள்?
– கல்லூரி மாணவர், சிவகாசி

தம்பி, அறிவைச் சோதிக்க வைத்தது இல்லை அது. தேவைப்பட்டால் உங்களை அதட்டுவதற்காக வைத்தது.

டைட்டானிக் மூழ்கிய அதே 1912-ல் அமெரிக்கா ஒரு ரேடியோ சட்டம் கொண்டுவந்தது. அன்றைக்கு வானலை என்றாலே பெரும்பாலும் மோர்ஸ்தான். பொழுதுபோக்குக்காரர்கள் வீட்டில் வைத்திருந்தது தீப்பொறி டிரான்ஸ்மிட்டர். ஒருவர் கீயை, அதாவது மோர்ஸ் அனுப்பும் விசையை, தட்டினால் அக்கம்பக்கத்து அலைவரிசை எல்லாம் சேர்ந்து இரையும். கப்பல் ஒன்று 'காப்பாற்றுங்கள்' என்று தட்டிக்கொண்டிருக்கும்போது குறுக்கே ஒரு பையன் தன் நண்பனிடம் வீட்டுப்பாடம் கேட்டுக்கொண்டிருந்தால் கடற்படைக்காரர் அவனை 'நிறுத்துடா' என்று சொல்ல வேண்டும், சொல்வதற்கு மோர்ஸை விட்டால் வழியில்லை. அந்த 'நிறுத்துடா' புரியாதவன் கையில் டிரான்ஸ்மிட்டரைக் கொடுக்கக் கூடாது. அவ்வளவுதான் காரணம், நியாயமான காரணமும்கூட.

பிறகு இது உலக ஒப்பந்தத்திலும் ஏறிக்கொண்டது. ஏறியது ஏறியதுதான், இறக்கத்தான் அரை நூற்றாண்டு பிடித்தது. 1947-ல் ஆயிரம் மெகாஹெர்ட்ஸுக்கு மேலே போகிறவர்களுக்கு மோர்ஸ் கட்டாயமில்லை என்றார்கள், 1959-ல் அந்தக் கோடு 144-க்கு இறங்கியது, 1979-ல் 30 மெகாஹெர்ட்ஸுக்கு வந்து நின்றது. கடல் தாண்டி, கண்டம் தாண்டிப் போகும் சிற்றலை எல்லாம் 30-க்குக் கீழேதான். அந்த இடத்தை மட்டும் கடைசி வரை விடவில்லை. 1999 பிப்ரவரி முதல் தேதி, கப்பல்களின் ஆபத்து அழைப்புகள் முழுவதுமாக செயற்கைக்கோளும் தானியங்கிக் கருவிகளும் கொண்ட புதிய முறைக்கு மாறின. அதோடு 'நிறுத்துடா' என்று மோர்ஸில் அதட்டுவதற்குக் கடலில் ஆளே இல்லாமல் போயிற்று. 2003-ல் ஜெனீவாவில் கூடிய உலக வானொலி மாநாடு, மோர்ஸ் பரீட்சை வேண்டுமா வேண்டாமா என்பதை அந்தந்த நாடே பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டது. சுவிட்சர்லாந்து, பிரிட்டன், ஜெர்மனி எல்லாம் அந்த ஆண்டே எடுத்துவிட்டன.

நம் ஊரில் 1978 விதிகளின்படி கிரேடு இரண்டுக்கு நிமிடத்துக்கு 5 வார்த்தை வேகத்தில் மோர்ஸ் தெரிய வேண்டும், கிரேடு ஒன்றுக்கு 12. அப்புறம் விதியைத் திருத்தி இரண்டே வகையாகச் சுருக்கினார்கள். ரெஸ்ட்ரிக்டெட் என்றால் மோர்ஸ் இல்லை, ஜெனரல் என்றால் 8 வார்த்தை. உங்களுக்கு என் யோசனை, முதலில் ரெஸ்ட்ரிக்டெட் எழுதி உள்ளே வந்துவிடுங்கள். விண்ணப்பம் போடும் முன் அன்றைய தேதிக்கு விதி என்ன என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: முப்பது வருஷம் கப்பலில் ரேடியோ ஆபீசராக இருந்தவன் நான். மோர்ஸ் தெரியாதவனை ஹாம் என்று சொல்வது, நீச்சல் தெரியாதவனைக் கடலோடி என்று சொல்வது போல. அந்தச் சல்லடையை எடுத்தால் கண்டவனும் உள்ளே வருவான். உங்களுக்கு வருத்தமில்லையா? வெட்கமாக இல்லை?
– ஓய்வுபெற்றவர், தூத்துக்குடி

ஐயா, உங்கள் காதுக்கு முன்னால் என் காது ஒன்றுமே இல்லை. மூன்று கப்பல் ஒரே நேரத்தில் கூப்பிடும்போது அதில் ஒன்றை மட்டும் பிடித்து, காபி குடித்துக்கொண்டே தாளில் எழுதிக்கொள்கிற ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். பிரெஞ்சுக் கடற்படை 1997 ஜனவரி 31-ல் மோர்ஸை நிறுத்தியபோது, 'அனைவருக்கும்: நித்திய மௌனத்துக்கு முன் இது எங்கள் கடைசிக் குரல்' என்று தட்டிவிட்டு ஓய்ந்தது. அதைப் படிக்கும்போது எனக்கும் தொண்டை அடைக்கத்தான் செய்தது.

ஆனால் சல்லடை என்கிறீர்களே, அங்கேதான் எனக்கு இடிக்கிறது. அமெரிக்க ஹாம்களிடையே 14.313 மெகாஹெர்ட்ஸ் என்று சொன்னால் முகத்தைச் சுளிப்பார்கள். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் அந்த இடம் வசைக்கும் வம்புக்கும் பேர் போனது. வேண்டுமென்றே மற்றவர் மேல் ஏறிப் பேசுவது, கெட்ட வார்த்தை, எல்லாம் நடக்கும். அந்த அலைவரிசையில் பேச வேண்டுமென்றால் அப்போது நிமிடத்துக்கு 13 வார்த்தை மோர்ஸில் தேறியிருக்க வேண்டும். ஆக அந்த வாய்கள் அத்தனையும் உங்கள் சல்லடையில் சலித்து வந்தவைதான். காது கூர்மையானால் நாக்கு நல்லதாகிவிடும் என்று யார் சொன்னது?

இன்னொன்று. நீங்கள் மோர்ஸைப் பரீட்சைக்காகக் கற்கவில்லை. அது உங்கள் சம்பளம், உங்கள் கப்பலின் உயிர். ஒரு நாளில் எட்டு மணி நேரம் கேட்டீர்கள். ஹாம் பரீட்சைக்காரர் மூன்று மாதம் மனப்பாடம் செய்து, ஐந்து நிமிடம் தாளில் கிறுக்கி, தேறின மறுநாளே மைக்கைப் பிடித்தவர். இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். வெட்கமாக இல்லையா என்று கேட்டதற்கு நேரடிப் பதில்: இல்லை.

கேள்வி: மோர்ஸ் எல்லாம் செத்துப்போன சமாச்சாரம். நான் வாழ்நாளில் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. இதற்கு ஒரு இதழா?
– வாசகி, ஓசூர்

பழைய நோக்கியா போனில் எஸ்.எம்.எஸ். வந்தால் மூன்று குட்டை, இரண்டு நீட்டல், மூன்று குட்டை என்று ஒரு ஒலி வருமே, ஞாபகம் இருக்கிறதா? எஸ், எம், எஸ். மோர்ஸில். நூறு தடவையாவது கேட்டிருப்பீர்கள்.

கேள்வி: அமெரிக்காவில் இதை எடுக்கும்போது பெரிய சண்டையே நடந்ததாமே? விவரமாகச் சொல்லுங்கள்.
– வாசகர், மன்னார்குடி

பெரிய சண்டைதான். பொழுதுபோக்கு விஷயத்துக்கு அரசாங்கத்திடம் இவ்வளவு மனு போன கதை குறைவு.

அங்கே பழைய ஏணி இப்படி: தொடக்கநிலைக்கு 5 வார்த்தை, ஜெனரலுக்கு 13, உச்சியில் இருக்கும் எக்ஸ்ட்ராவுக்கு 20. எழுத்துத் தேர்வு தனி. 1983-ல் எஃப்.சி.சி., அதாவது அலைவரிசைகளைக் கட்டியாளும் அவர்களுடைய ஆணையம், மோர்ஸே இல்லாமல் ஒரு லைசென்ஸ் கொடுக்கலாமா என்று மெல்ல வாய் திறந்தது. ஹாம்கள் கொதித்தெழுந்த வேகத்தில் அதே ஆண்டு வாயை மூடிக்கொண்டது. எழுபதுகளில் லாரி ஓட்டுநர்கள் முதல் பள்ளிப் பையன்கள் வரை பரீட்சையே இல்லாமல் வைத்துக்கொண்டு கத்திய சி.பி. ரேடியோவின் கூச்சல் அவர்கள் காதில் இன்னும் ஓயவில்லை. அந்தக் கூட்டம் நம் வீட்டுக்குள் வந்துவிடும் என்ற பயம். பயத்துக்கு அடியில் கொஞ்சம் சாதித் திமிர் மாதிரி ஒன்றும் இருந்தது என்பது என் எண்ணம். யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

1991 பிப்ரவரியில் எஃப்.சி.சி. மறுபடி வந்தது, இந்தத் தடவை செய்தே விட்டது. டெக்னீஷியன் லைசென்ஸுக்கு மோர்ஸ் வேண்டாம், ஆனால் 30 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்கக் கூடாது. உலக ஒப்பந்தம் இன்னும் கையைக் கட்டிப் போட்டிருந்ததே. வந்தவர்கள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். உள்ளே வந்ததும் அவர்களுக்கு ஒரு பட்டப்பெயரும் காத்திருந்தது: 'நோ-கோடு'. நாம் 'டொனேஷன் சீட்டு' என்று இழுத்துச் சொல்வோமே, அந்தத் தொனியில்.

2000 ஏப்ரலில் 13-ம் 20-ம் போய் எல்லாருக்கும் ஒரே 5 வார்த்தை என்று ஆயிற்று. அதற்குள் இரு பக்கமும் சங்கம் கட்டிவிட்டார்கள். பரீட்சை வேண்டாம் என்று கிளம்பிய நோ-கோடு இன்டர்நேஷனலைத் தொடங்கியவர் புரூஸ் பெரன்ஸ். கணினி ஆட்களுக்கு இந்தப் பெயர் தெரியும், ஓப்பன் சோர்ஸ் என்றால் என்ன என்று வரையறுத்து எழுதியவர். அவருடைய கட்சியின் வாதம் எளிமை: ரேடியோவில் குரல் இருக்கிறது, தொலைக்காட்சி இருக்கிறது, கணினித் தகவல் இருக்கிறது, செயற்கைக்கோள் இருக்கிறது, இதில் ஒன்றை மட்டும் செய்து காட்டினால்தான் உள்ளே விடுவேன் என்பது என்ன நியாயம்? எதிர்க்கட்சியின் வாதமும் ஒன்றும் முட்டாள்தனமில்லை. மற்றதெல்லாம் படித்து எழுதலாம், உடம்பு பழகி வர வேண்டியது இது ஒன்றுதான், அதை விட்டுவிட்டால் இந்தக் கலையில் கை வைத்துச் செய்து காட்ட என்ன மிச்சம் என்றார்கள். இந்த இரண்டாவது வாதத்துக்கு இன்றைக்கும் என்னிடம் முழுப் பதில் கிடையாது.

2003 ஜெனீவாவுக்குப் பிறகு அமெரிக்க ஹாம்களின் தேசிய சங்கமான ஏ.ஆர்.ஆர்.எல். நடுவில் புகுந்தது. ஜெனரலுக்கு எடுத்துவிடுங்கள், எக்ஸ்ட்ராவுக்கு மட்டும் 5 வார்த்தை இருக்கட்டும் என்று 2004-ல் மனுப்போட்டது. நடுவில் நின்றவனுக்கு இரண்டு பக்கமும் அடி என்பது தெரிந்த கதைதானே. எஃப்.சி.சி. அந்தப் பாதிப் பரிகாரத்தையும் ஏற்கவில்லை. 2006 டிசம்பரில் எல்லா வகுப்புக்கும் மோர்ஸ் கிடையாது என்று அறிவித்து, 2007 பிப்ரவரி 23 முதல் எடுத்தே விட்டது.

அப்புறம் என்ன ஆயிற்று? அழியும் என்றார்கள், அழியவில்லை. அப்போது ஆறரை லட்சத்தைச் சுற்றி இருந்த அமெரிக்க ஹாம்கள் சில ஆண்டுகளில் ஏழு லட்சத்தைத் தாண்டினார்கள். இதெல்லாம் மோர்ஸை எடுத்ததால்தான் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் நவம்பர் கடைசி சனி, ஞாயிறில் உலக மோர்ஸ் போட்டி ஒன்று நடக்கும், அன்றைக்கு ரிசீவரைத் திருப்பிப் பாருங்கள். தேன்கூட்டில் காதை வைத்த மாதிரி இருக்கும். கட்டாயமே இல்லாத காலத்தில் இத்தனை பேர்.

கேள்வி: ஜெனரல் கிரேடுக்காக ஆறு மாதமாகப் படிக்கிறேன் சார். அட்டவணை முழுக்க மனப்பாடம். தூக்கத்தில் கேட்டாலும் க்யூவுக்கு கோடு கோடு புள்ளி கோடு என்று சொல்வேன். ஆனால் ஒலியைக் கேட்டு எழுத உட்கார்ந்தால் 6 வார்த்தைக்கு மேல் போக முடியவில்லை. எனக்குக் காது சரியில்லையோ?
– பள்ளி ஆசிரியை, பொள்ளாச்சி

அம்மா, உங்கள் காதில் ஒரு குறையும் இல்லை. குறை அந்த அட்டவணையில். பரீட்சை மேல் எனக்கு இருக்கும் கோபமும் அங்கேதான். அது மோர்ஸைக் காப்பாற்றியது என்கிறார்கள், நான் பார்த்த வரையில் கெடுத்தது என்பேன்.

கணக்கைப் பாருங்கள். நிமிடத்துக்கு 5 வார்த்தை என்றால் ஒரு டிட் கிட்டத்தட்ட கால் நொடி, டா முக்கால் நொடி. க்யூ ஒரே ஒரு எழுத்து முடிய மூன்று நொடிக்கு மேலாகும். மூன்று நொடி சும்மா இருக்குமா மனசு? 'கோடு... இன்னொரு கோடு... புள்ளி... கோடு, சரி, அட்டவணையில் நாலாவது வரிசை, ஆங், க்யூ!' என்று எண்ணித் தேடிப் பிடிக்க நேரம் கிடைக்கிறது. கிடைப்பதால் அதையே பழகிக்கொள்கிறோம். வேகம் 8-க்கும் 10-க்கும் ஏறும்போது எண்ணுவதற்கு நேரம் போதாது, சுவரில் முட்டின மாதிரி நிற்கும். குறைந்த வேகத்தில் வைத்த பரீட்சை, குறைந்த வேகத்துக்கு மட்டுமே உதவும் தப்பான வழியைக் கற்றுக்கொடுத்து அனுப்பியது. தேறினவர்களில் எத்தனையோ பேர் அதற்குப் பிறகு கீயைத் தொடவே இல்லை என்றால் காரணம் சோம்பல் மட்டுமில்லை.

வீட்டுப் பக்கத்தில் யாராவது மிருதங்கமோ தவிலோ கற்றுக்கொள்கிறார்களா? அந்தக் குழந்தை 'தகதிமி' என்று சொல்லும்போது விரல் விட்டு நாலு எண்ணுவதில்லை. தகதிமி அதற்கு ஒரே சொல். 'தகிட' வேறு சொல். ஐந்துக்குத் தகதகிட. மூன்றையும் கேட்ட மாத்திரத்தில் பிரித்துச் சொல்லும். மோர்ஸும் அதேதான். ஈ என்பது ஒற்றைத் 'த', ஐ என்பது 'தக', எஸ் என்பது 'தகிட', எச் என்பது 'தகதிமி', எண் ஐந்து 'தகதகிட'. டிட் மட்டுமே வரும் ஐந்தும் முடிந்தது, எண்ணாமலே! நீட்டல் கலந்து வருகிறவற்றையும் இப்படி வாயால் சொல்லிச் சொல்லிப் பழகுங்கள். எழுத்தில் பார்க்கவே பார்க்காதீர்கள். அந்த அட்டவணையைக் கிழித்துப் போட்டுவிட்டு இந்தப் பத்தியை மேலே படியுங்கள்.

வேகத்துக்கு இரண்டு வழி உண்டு. ஃபார்ன்ஸ்வொர்த் முறை: எழுத்தை மட்டும் 18, 20 வார்த்தை வேகத்தில் ஒலிக்க விட்டு, எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே நீண்ட இடைவெளி வைப்பது. 20 வார்த்தை வேகத்தில் எச் முழுவதும் அரை நொடிக்குள் முடிந்துவிடும், எண்ண முயன்றாலும் முடியாது, ஆனால் எழுத தாராளமாக நேரம் இருக்கும். கோக் முறை: கே, எம் என்று இரண்டே எழுத்து, முதல் நாளே முழு வேகத்தில். அந்த இரண்டும் பத்துக்கு ஒன்பது தடவை சரியாக வந்தால் மூன்றாவது எழுத்து. ஜெர்மானிய உளவியலாளர் லுட்விக் கோக் 1930-களில் கண்ட வழி. போனில் இலவசமாகவே செயலிகள் இருக்கின்றன. தினம் 15 நிமிடம் போதும், ஒரே நாளில் இரண்டு மணி நேரம் உட்காராதீர்கள், தலைவலிதான் மிஞ்சும்.

ஒரு எச்சரிக்கை: ஏற்கெனவே எண்ணிப் பழகியிருப்பதால் முதல் பத்து நாள் படித்ததெல்லாம் மறந்துபோன மாதிரி இருக்கும். பயந்துவிடாதீர்கள்.

கேள்வி: 2004 சுனாமியில் அந்தமானில் தொலைபேசி எல்லாம் போனபோது ஹாம் ரேடியோதானே கைகொடுத்தது? ஆபத்துக் காலத்துக்காகவாவது மோர்ஸ் கட்டாயம் வேண்டாமா?
– வாசகர், நாகப்பட்டினம்

நாகப்பட்டினத்திலிருந்து சுனாமி என்று எழுதினால் சும்மா பதில் சொல்லிவிட்டுப் போக முடியாது. ஆம், பாரதி பிரசாத் தலைமையில் ஒரு ஹாம் குழு அப்போது போர்ட் பிளேரில் இருந்தது. அந்தமானிலிருந்து உலக ஹாம்களோடு பேசுவதற்காகப் போன குழு, டிசம்பர் 26 காலையில் வேறு வேலைக்கு மாறியது. தீவிலிருந்து தகவல் வெளியே வர அவர்கள் நிலையம் பெரிய துணையாக இருந்தது.

ஆனால் அங்கே ஓர் ஆன்டெனா கட்டியிருந்தது, கருவி ஓடிக்கொண்டிருந்தது, எந்த நேரத்தில் எந்த அலைவரிசையில் இந்தியாவில் யார் காது கொடுப்பார்கள் என்று அறிந்தவர் உட்கார்ந்திருந்தார். ஆபத்தில் உதவுவது இந்தப் பழக்கம். மோர்ஸுக்கு ஒரு பலம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். குரலுக்கு இரண்டரை கிலோஹெர்ட்ஸ் அகலம் வேண்டும், மோர்ஸ் ஓர் இருநூறு ஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடும், அதனால் அதே பேட்டரியில், அதே இரைச்சலில், குரல் கரைந்துபோகும் இடத்திலும் காதில் விழும். கருவியையும் நாலைந்து டிரான்சிஸ்டரில் நீங்களே பற்றவைத்துச் செய்யலாம். ஆக, தெரிந்திருந்தால் நல்லது. கட்டாயமா என்றால், மூன்று மாதத்தில் மறந்துபோகிற 5 வார்த்தை மோர்ஸ் எந்தச் சுனாமியில் யாருக்கு உதவும்?

கேள்வி: இப்போதெல்லாம் எஃப்டி8 என்று ஒன்று வந்துவிட்டது. கணினியே பேசிக்கொள்கிறது. மோர்ஸின் 'மெல்லிய சிக்னல்' பெருமையும் போச்சு, ஒப்புக்கொள்கிறீர்களா?
– மென்பொருள் ஊழியர், சென்னை

ஒப்புக்கொள்கிறேன். 2017-ல் வந்தது, உருவாக்கிய இருவரில் ஒருவர் ஜோ டெய்லர், 1993-ல் இயற்பியல் நோபல் வாங்கியவர். நோபல்காரரோடு என் காது போட்டி போட முடியுமா? இரைச்சலுக்குள் மூழ்கிக் கிடப்பதை, மனிதக் காதுக்கு எட்டவே எட்டாததை எடுத்துக் கொடுக்கிறது. 15 நொடிக்கு ஒரு முறை இவர் அனுப்ப, அவர் அனுப்ப, நான் டீ போடப் போய்வருவதற்குள் இரண்டு நாடு முடிந்திருக்கும். ஒரு மாதம் பைத்தியமாக ஆடினேன். பிறகு பார்த்தால் எத்தனை நாடு என்று கணக்கு இருந்தது, பேசிய ஆள் ஒருவர்கூட மனதில் இல்லை. மறுபடி கீயை எடுத்துவைத்தேன். இது ருசி விஷயம், சண்டைக்கு வராதீர்கள்.

கேள்வி: இவ்வளவு பேசுகிறீர்களே, நீங்கள் எத்தனை தடவை ஃபெயில்? மறைக்காமல் சொல்லவும்.
– வாசகர், திண்டுக்கல்

இரண்டு தடவை.

முதல் தடவை அனுப்புவதில் ஒன்றும் தப்பில்லை, வாங்குவதில் போயிற்று. நானும் எண்ணிப் படித்த கோஷ்டிதான். ஒரு பழைய ஸ்பீக்கர், கரகரவென்று ஒலி, பக்கத்து நாற்காலிக்காரர் பென்சிலால் மேஜையைத் தட்டித் தட்டி எழுதுகிறார். நாலாவது வரியில் ஓர் எழுத்து எச்-சா, ஐந்தா என்று சந்தேகம் வந்தது. அதை யோசித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த பன்னிரண்டு எழுத்து ஓடிப்போய்விட்டது. தாளில் அந்த இடம் வெள்ளையாக இருந்ததை இப்போதும் கண்ணால் பார்க்க முடிகிறது. இரண்டாம் தடவையும் அதே கதை, வேறு எழுத்து. விட்டுப்போனதை விட்டுவிட்டு அடுத்ததைப் பிடி என்று ஒரு பெரியவர் சொல்லித்தந்த பிறகுதான் மூன்றாம் தடவை தேறினேன்.

லைசென்ஸ் கைக்கு வந்த அன்றைக்கு இரவு 7 மெகாஹெர்ட்ஸில் தைரியமாக சி.க்யூ., அதாவது 'யாராவது பேச வருகிறீர்களா' என்ற அழைப்பைத் தட்டிவிட்டேன். யாரோ பதில் கொடுத்தார், 20 வார்த்தைக்குக் குறையாத வேகம், எனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. வியர்த்துக் கொட்டியது. கை நடுங்க மூன்று எழுத்து தட்டினேன், க்யூ.ஆர்.எஸ்., மெதுவாக அனுப்புங்கள் என்று அர்த்தம். பரீட்சை ஹாலில் அதைக் கேட்க வழியே கிடையாது. ஒரு நொடி சத்தமே இல்லை, போய்விட்டார் என்று நினைத்தேன். அப்புறம் டாஆஆ... டிட்... என்று ஆரம்பித்தார், எனக்கும் கீழே ஒரு வேகத்தில், குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி. என் பெயரைக் கேட்டார். என் பெயரையே இரண்டு தடவை தப்பாகத் தட்டினேன்.